ஷூமானின் ஆரம்ப சிம்பொனிகளைக் கேட்க எந்தப் பதிவில் தொடங்கலாம்?

இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநரின் பெயரைப் பார்ப்பதற்கு முன், பதிவில் வாசிக்கப்படுவது எந்தப் பாடம், அதாவது இசைக்குறிப்பின் எந்த வடிவம் என்று பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி.

1841-இல் அவர் இரண்டு சிம்பொனிகள் எழுதினார். பி ஃபிளாட் மேஜர் என்ற சுரவரிசையில் அமைந்த ‘வசந்தம்’ முதலாவது. ஜனவரியில் நான்கே நாளில் அதன் வரைவை முடித்தார். மார்ச் 31 அன்று லைப்சிக் நகரின் கேவாந்த்ஹவுஸ் இசையரங்கில் இசையமைப்பாளர் மெண்டல்சோன் அதை நடத்தினார். அடுத்தது டி மைனர் சுரவரிசையில் அமைந்த சிம்பொனி. டிசம்பர் 6 அன்று அரங்கேறியபோது பெரிய வரவேற்பு இல்லை, அதனால் ஷூமான் அதை எடுத்து வைத்துவிட்டார். 1851-இல் திருத்தி, 1853-இல் வெளியிட்டார். அதற்குள் வேறு இரண்டு சிம்பொனிகள் வந்துவிட்டதால் அது ‘நான்காவது’ ஆயிற்று. ஆக, நான்காவது என்று உறையில் போட்டிருப்பது உண்மையில் அவருடைய இரண்டாவது சிம்பொனி.

‘வசந்தம்’ தொடங்கும் ஹார்ன், டிரம்பெட் முழக்கத்தைக் கவனியுங்கள். ஷூமான் முதலில் அதை பி ஃபிளாட் சுரத்தில் தொடங்கி, ஜி, ஏ வழியாக மீண்டும் பி ஃபிளாட்டுக்கு வரும்படி எழுதியிருந்தார். வால்வு இல்லாத அந்தக் காலத்து ஹார்னில் ஜி, ஏ இரண்டும் இயல்பாக ஒலிக்காது. கையை உள்ளே நுழைத்து அடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒலி மூக்கடைத்தது போல வரும். ஒத்திகையில் இது தெரிந்ததும் முழக்கம் முழுவதையும் இரண்டு சுரம் தள்ளி மேலே ஏற்றி, டி-யில் தொடங்க வைத்தார். இன்று பெரும்பாலான பதிவுகளில் கேட்பது இதுதான். பின்னாளில் இசையமைப்பாளரும் நடத்துநருமான மாலர் தம் பதிப்பில் பழைய தாழ்ந்த சுரங்களையே திரும்பக் கொண்டுவந்தார். நடத்துநர் ரிக்கார்டோ ஷைய், கேவாந்த்ஹவுஸ் இசைக்குழுவோடு டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்குச் செய்த பதிவு மாலர் பதிப்பு. முதல் சில நொடிகளிலேயே வித்தியாசம் பிடிபடும். முழக்கமும் அதற்குப் பின் வரும் வேகப் பகுதியின் மையக் கருவும் ஒரே சுரத்தில் நிற்பது எவ்வளவு பொருத்தம் என்பதும் அதில்தான் புரியும்.

‘ஷூமானுக்கு வாத்தியங்களைக் கையாளத் தெரியாது’ என்ற பழைய குற்றச்சாட்டை நம்ப வேண்டாம். அந்த நாளைய லைப்சிக் குழுவில் ஏறக்குறைய 50 பேர். இரண்டு புல்லாங்குழல், இரண்டு ஓபோ என்ற அதே எண்ணிக்கைக்கு எதிரே இன்றைய குழு 60 தந்தி வாத்தியங்களை உட்கார வைக்கிறது. காற்று வாத்தியங்கள் மூழ்கிப்போகின்றன; அதை ஈடுகட்ட அவற்றை இரட்டிப்பாக்கினால் மொத்தமும் தடித்துவிடுகிறது. கோளாறு எண்ணிக்கையில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. இதற்குச் சான்று நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் பழைய வாத்தியக் குழுவோடு ஆர்க்கிவ் நிறுவனத்துக்கு 1990-களின் இறுதியில் செய்த தொகுப்பு. டி மைனரின் இரண்டு வடிவங்களும், 1832-33-இல் தொடங்கி முடியாமல் நின்ற ‘ஸ்விக்காவ்’ சிம்பொனியும் அதிலேயே கிடைக்கும். மெதுவான பகுதிகளைக் கொஞ்சம் விரட்டுகிறார் என்பது மட்டுமே என் குறை.

டி மைனரின் இரு வடிவங்களையும் தலைப்பை வைத்தே பிரிக்கலாம். பகுதிகளின் பெயர்கள் இத்தாலியத்தில், ‘அலெக்ரோ டி மோல்ட்டோ’ என்பது போல இருந்தால் 1841; ஜெர்மனில், ‘லேப்ஹாஃப்ட்’ என்றிருந்தால் 1851. முதல் வடிவம் மெலிந்தது, ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்கும். திருத்தத்தில் ஒரே வரியைப் பல வாத்தியங்களுக்குக் கொடுத்து அடர்த்தியாக்கினார். இசையமைப்பாளர் பிராம்ஸ் முதல் வடிவத்தின் பக்கம் நின்று, ஷூமானின் மனைவி கிளாராவின் எதிர்ப்பையும் மீறி 1891-இல் அது அச்சேறக் காரணமானார். நானும் பிராம்ஸ் கட்சிதான். ஆனால் இறுதிப் பகுதிக்குள் நுழையும் அந்த இருண்ட இடைவழி 1851-இல்தான் முழு வலுவோடு இருக்கிறது. நடத்துநர் ஃபுர்ட்வேங்ளர் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு 1953-இல் செய்த பதிவில் அதைக் கேளுங்கள். மோனோ ஒலிதான், பரவாயில்லை. 1841 வடிவத்தை நவீன வாத்தியங்களில் கேட்க, சைமன் ராட்டில் அதே குழுவோடு 2013-இல் செய்த பதிவு நல்லது.

ஒரே பெட்டி போதும் என்றால் நடத்துநர் சவாலிஷ், டிரெஸ்டன் ஸ்டாட்ஸ்கபெல்லே இசைக்குழு, 1972. நான்கு சிம்பொனிகளும் உண்டு. டிம்பனி என்ற பெருமுரசு துலக்கமாக அதிரும், வேகம் எங்கும் தடுமாறாது. டி மைனர் அதில் 1851 வடிவம்.

செயலியில் கேட்பவர்கள் இடைவெளியின்றி வாசிக்கும் அமைப்பை இயக்கி, ஒரு பாடலை அடுத்ததோடு கலக்கும் ‘கிராஸ்ஃபேட்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். டி மைனரின் பகுதிகள் நிற்காமல் தொடர்பவை. ‘வசந்தம்’ இரண்டாம் பகுதியின் முடிவில் டிரம்போன்கள் தாழ்ந்த குரலில் அடுத்த பகுதியின் கருவை முன்கூட்டியே சொல்லிவிட்டு நேராக அதற்குள் நுழையும். அங்கே அரை நொடி மௌனம் விழுந்தாலும் ஷூமான் போட்ட முடிச்சு அறுந்துவிடும்.