ஒரு செயலியின் பக்கத்தில் ‘டேட்டா எதுவும் சேகரிக்கப்படவில்லை’ என்று போட்டிருந்தால் அதை நம்பலாமா?

நானே அந்த இடத்தில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். தெரிந்து எழுதியதில்லை. ஆனால் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதானே. அதனால் என் கதையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

அலுவலக வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு பஞ்சாங்கச் செயலி செய்தேன். நாள், நட்சத்திரம், ராகு காலம், நல்ல நேரம். சூரிய உதயம் நாகர்கோவிலில் ஒரு நேரம், சென்னையில் ஒரு நேரம் என்பதால் அது லொகேஷன் அனுமதி கேட்கும். கணக்கெல்லாம் போனுக்குள்ளேயே நடந்துவிடும். எனக்கென்று ஒரு சர்வர்கூடக் கிடையாது. 2022 ஜூலை 20-க்குள் எல்லாரும் ‘டேட்டா சேஃப்டி’ படிவத்தை நிரப்ப வேண்டும் என்று கூகுள் பிளே சொன்னபோது, பயனரின் டேட்டாவைச் சேகரிக்கிறீர்களா, பகிர்கிறீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துவிட்டு எழுந்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

அன்றைக்கு அது உண்மைதான். ‘லொகேஷன் கேட்கிறான், ஆனால் சேகரிக்கவில்லை என்கிறான், ஃப்ராடு’ என்று ஒற்றை நட்சத்திரம் கொடுப்பவர்களுக்கு இது புரிவதில்லை. அந்தப் படிவத்தில் ‘சேகரிப்பது’ என்றால் டேட்டா போனை விட்டு வெளியே போவது. போனுக்குள்ளேயே பயன்படுத்தி முடித்துவிட்டால் அது சேகரிப்பு ஆகாது. ஆப்பிளின் வரையறையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

அப்புறம் ஐபோனிலும் வெளியிடும் ஆசை வந்தது. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். அதையாவது ஈடுகட்டலாம் என்று ஆண்ட்ராய்டு பதிப்பின் அடியில் ஒரு விளம்பரப் பட்டை சேர்த்தேன். விளம்பர நிறுவனமே ஒரு எஸ்டிகே, அதாவது செயலியோடு இணைத்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு, கொடுக்கும். அதை இணைத்து நாலைந்து வரி எழுதினால் போதும், விளம்பரம் ஓட ஆரம்பித்துவிடும். படிவம் என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை.

சில வாரம் கழித்து ஒருவர் விமர்சனம் எழுதினார்: “டேட்டா எடுக்கலன்னு போட்டுட்டு, நேத்து நான் பார்த்த செருப்பையே காட்டுறீங்களே சார்?”

முதலில் கோபம்தான் வந்தது. நான் எழுதிய நிரலில் ஒரு வரிகூட யாருடைய டேட்டாவையும் தொடவில்லை. சரி, எதற்கும் பார்ப்போம் என்று அந்த எஸ்டிகேயின் ஆவணத்தை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். விளம்பர ஐடி (விளம்பரத்துக்காகப் போனுக்குக் கொடுக்கப்படும் அடையாள எண்), ஐபி முகவரி, அதை வைத்து உத்தேசமான ஊர், பயனர் எதைத் தொட்டார் என்ற விவரம், எல்லாம் போகிறது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை. மூன்றாம் நபரின் நிரல் எடுக்கும் டேட்டாவையும் செயலியை வெளியிடுபவரே அறிவிக்க வேண்டும் என்பது கூகுள், ஆப்பிள் இரண்டு செயலிக் கடைகளிலும் விதி. அன்றிரவே படிவத்தைத் திருத்தினேன். திருத்துவதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, கடைத் தரப்பிலிருந்து என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தப் படிவத்தில் நிரப்புவதுதான் செயலியின் பக்கத்தில் லேபிளாகத் தெரிகிறது. அந்த லேபிள் டெவலப்பரின் சொந்த வாக்குமூலம், அவ்வளவுதான். டெவலப்பர் கொடுத்த தகவல் என்று பிளே ஸ்டோரிலேயே எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆப்பிள் 2020 டிசம்பரில் லேபிள்களைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் ஜெஃப்ரி ஃபவுலர் சில செயலிகளிலிருந்து வெளியே போகும் தகவலைச் சோதித்துப் பார்த்து, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட லேபிள்கள் தவறாகவோ குழப்பமாகவோ இருப்பதாக எழுதினார். 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பின்னால் இருக்கும் மோசில்லா அமைப்பு பிளே ஸ்டோரில் பிரபலமான 40 செயலிகளை எடுத்து, அவற்றின் தனியுரிமைக் கொள்கையையும் லேபிளையும் ஒப்பிட்டது. ஏறக்குறைய 80 சதவீதத்தில் இரண்டும் பொருந்தவில்லை. நிறுவனம் முழுமைக்குமான கொள்கையை ஒரு செயலியின் லேபிளோடு ஒப்பிடுவது சரியில்லை என்றது கூகுள். அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

உணவுப் பொட்டலத்தில் இருக்கும் ஊட்டச்சத்துப் பட்டியல்தான் இதற்கு முன்மாதிரி. கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-லேயே தனியுரிமைக்கு அப்படி ஒரு லேபிளை வடிவமைத்துக் காட்டினார்கள். ஆனால் பிஸ்கட்டில் போட்ட மாவு கடைக்கு வந்தபிறகு மாறுவதில்லை. செயலியின் உள்ளடக்கம் ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறும். லேபிள் தானாக மாறாது, யாராவது ஞாபகம் வைத்து மாற்ற வேண்டும்.

இன்னொரு வலை ‘பகிரப்படவில்லை’ என்ற சொல். டெவலப்பர் தன் வேலைக்காக அமர்த்திய சேவை நிறுவனத்துக்கு டேட்டாவை அனுப்பினால், கூகுள் வரையறையில் அது பகிர்வே இல்லை. ஆக, உங்கள் டேட்டா இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும்போதே லேபிள் நேர்மையாக ‘பகிரவில்லை’ என்று சொல்லலாம்.

அதனால் நான் ஒரு லேபிளில் ‘எடுக்கிறோம்’ என்று இருப்பதை நம்புவேன். இல்லாததை இருக்கிறது என்று எழுதி எந்த டெவலப்பரும் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டான். ‘எடுக்கவில்லை’ என்று இருந்தால், செயலியில் விளம்பரம் வருகிறதா என்று முதலில் பார்ப்பேன். இலவசச் செயலி, விளம்பரமும் ஓடுகிறது, லேபிள் மட்டும் சுத்தம் என்றால் அநேகமாக என்னைப் போல ஒருவர்தான் அதை நிரப்பியிருப்பார். ஆப்பிளில் ‘உங்களைப் பின்தொடரப் பயன்படும் டேட்டா’ என்ற பெட்டியைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சோதித்தே பார்க்க வேண்டும் என்றால் ஐபோன் நல்லது. செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் ‘ஆப் பிரைவசி ரிப்போர்ட்’டை இயக்கிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். எந்தச் செயலி எந்த இணைய முகவரிகளோடு பேசியது என்று பட்டியலே வரும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து இருக்கும் ‘பிரைவசி டாஷ்போர்டு’ யார் எப்போது லொகேஷன், கேமரா, மைக் பயன்படுத்தினார்கள் என்று சொல்லும், எங்கே அனுப்பினார்கள் என்று சொல்லாது. விளம்பர ஐடியை அழித்துவிடும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. நான் என் போனில் அழித்துவிட்டேன்.

என் செயலியின் லேபிளில் இப்போது உத்தேச லொகேஷன், சாதன ஐடி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. திருத்திய வாரமே ஒருவர் எழுதியிருந்தார்: “முன்னாடி எதுவுமே எடுக்கலயே, இப்ப மட்டும் ஏன் எடுக்கறீங்க? அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன்.”