பழைய ஏர் ரைபிளில் ப்ளூயிங் போய்விட்டதா? சில கேள்விகள், பதில்கள்

கே: தாத்தா வைத்திருந்த டயானா 27 ஏர் ரைபிள் என்னிடம் இருக்கிறது. குழலின் முனையில் ப்ளூயிங், அதாவது இரும்புக்குத் துரு பிடிக்காமல் ஏற்றும் கருநீல நிறம், போய் வெள்ளி மாதிரி பளபளக்கிறது. மற்ற இடமெல்லாம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் கை பிடிப்பது அந்த முனையைத்தான், அதனால் முதலில் தேய்வதும் அதுதான். இதற்கு கோல்டு ப்ளூ (cold blue, கொதிக்கவைக்காமல் கையால் தடவும் மருந்து) போதும். பெர்மா ப்ளூ, ஆக்ஸ்போ ப்ளூ என்று பல பெயர்களில் வருகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். தொழிற்சாலையில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி வாக்கில் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள், அங்கே இரும்பின் மேற்பரப்பே கருப்பு ஆக்சைடாக மாறிவிடுகிறது. கோல்டு ப்ளூ அப்படியில்லை. செலீனியமும் செம்பும் சேர்ந்த ஒரு மெல்லிய படலத்தை மேலே படியவைக்கிறது, அவ்வளவுதான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பழையது அளவுக்கு உழைக்காது. சில வருடத்தில் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். முதலில் உள்ளே பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏறியிருக்கவில்லை என்று பாருங்கள். துரு இருந்தால் எண்ணெய் தொட்ட மிக நுண்ணிய ஸ்டீல் வுல்லால் (நான்கு சைபர் போட்டது) மெதுவாகத் தேய்த்து எடுங்கள். அப்புறம் அசிட்டோனில் நனைத்த பனியன் துணியால் துடையுங்கள், துணியில் அழுக்கு வராத வரைக்கும். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. நான் முதல் முறை செய்தபோது எல்லாம் முடிந்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தால், கருப்புக்கு நடுவே என் கட்டைவிரல் ரேகை வரி வரியாக வெள்ளையாகத் தெரிந்தது! திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

ஹேர் டிரையரால் இரும்பைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சில் மருந்தைத் தொட்டு நீளவாக்கில் ஒரே சீராக இழுங்கள். ஒரு நிமிடம் விட்டு, தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்து, அசிட்டோனில் கழுவி எடுத்த ஸ்டீல் வுல்லால் லேசாக ஒரு தடவு (கடையில் வாங்கும் ஸ்டீல் வுல்லிலேயே எண்ணெய் இருக்கும், கழுவாமல் தொடாதீர்கள்). இதையே மூன்று நான்கு முறை. பழைய நிறத்தோடு சேரும் ஓரத்தில் கொஞ்சம் தாண்டிப் போய் மங்கலாக முடித்தால் கோடு தெரியாது. மருந்து குழலுக்குள் இறங்காமல் வாயைக் காகிதத்தால் அடைத்துக்கொள்ளுங்கள். இது விஷம். கையுறை போட்டு மொட்டைமாடியில் செய்யுங்கள், சமையலறைப் பக்கமே வேண்டாம்.

கே: நீங்கள் சொன்ன மாதிரிதான் போட்டேன். அன்று நன்றாக இருந்தது, மறுநாள் காலையில் பழுப்பாகத் துரு பூத்திருக்கிறது. மருந்து போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. அதில் அமிலம் இருக்கிறது, அதைச் சரியாகக் கழுவாமல் விட்டால் இரவெல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும். கடைசிச் சுற்று முடிந்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, டிரையரால் காயவைத்து, உடனே எண்ணெய் பூசி ஒரு இரவு அப்படியே விடுங்கள். இப்போது வந்திருப்பது மேல் துருதான், எண்ணெயும் ஸ்டீல் வுல்லும் போதும்.

கே: ட்ரிகர் கார்டில் (விசையைச் சுற்றியிருக்கும் வளையம்) எத்தனை முறை தடவினாலும் நிறமே பிடிக்க மாட்டேன் என்கிறது.

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியம் அல்லது துத்தநாக வார்ப்பு. இரும்புக்கான மருந்து அதில் ஒழுங்காகப் பிடிக்காது. அலுமினியத்துக்கென்று தனியாகக் கருப்பு மருந்து இருக்கிறது. இல்லையென்றால் மேட் கருப்பு பெயின்ட், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கே: துருவை எடுக்க வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். துரு போனது, நிறமும் சேர்ந்து போய் எல்லாம் சாம்பலாகிவிட்டது.

போகத்தான் செய்யும். துருவும் ப்ளூயிங்கும் இரண்டுமே இரும்பு ஆக்சைடுதான், அமிலத்துக்கு வேண்டியது வேண்டாதது தெரியாது. இனி கோல்டு ப்ளூவால் முழுக் குழலையும் போர்த்தப் பார்க்காதீர்கள், திட்டுத் திட்டாகத்தான் வரும். ஹாட் ப்ளூயிங் (முதலில் சொன்ன கொதிக்கும் தொட்டி முறை) செய்பவரிடம் கொடுங்கள். அதற்கு ஸ்பிரிங், பிஸ்டன் வாஷர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் அது, பிடிமானக் கருவி இல்லாமல் பின்னை உருவினால் முகத்துக்கு நேராகப் பாயும். ஈயப் பற்று வைத்த பாகம், அலுமினியப் பாகம் எதையும் அந்தத் தொட்டியில் போட விடாதீர்கள், கரைந்துவிடும்.

கே: அடுப்பில் சுட்டு எண்ணெயில் முக்கினால் கருப்பாகும் என்கிறார் லேத் பட்டறைக்காரர்.

அவர் சொல்வது சரிதான், ஸ்க்ரூவுக்கு. ஒரு சின்ன ஸ்க்ரூவைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நல்ல நீலம். அந்த நொடியில் எடுத்து எண்ணெயில் போடலாம். ட்ரிகரின் உள்பாகங்களை மட்டும் சுடவே கூடாது. அவை கடினப்படுத்திய எஃகு, சூட்டில் மென்மையாகிவிட்டால் கொக்கி தேய்ந்து, விரல் படாமலே துப்பாக்கி வெடிக்கும். குழலையும் சிலிண்டரையும் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கே: உப்புத்தாள் போட்டு முழுக்கப் பாலிஷ் செய்து புதுசு மாதிரி ஆக்கலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். பழைய டயானாக்களில் சிலிண்டரில் மாதமும் வருடமும் சின்னதாகக் குத்தியிருப்பார்கள், உப்புத்தாள் முதலில் தின்பது அந்த எழுத்தைத்தான். ஸ்க்ரூ துளைகளின் ஓரமும் மழுங்கிப் போகும். அறுபது வருடம் கைபட்டுத் தேய்ந்ததை அப்படியே எண்ணெய் போட்டு வைத்திருப்பதே எனக்குப் பிடிக்கும், விலை விசாரிப்பவர்களில் பலரும் அதைத்தான் தேடுகிறார்கள்.

கே: திரும்பத் துரு வராமல் எப்படி வைப்பது?

ஸ்பாஞ்ச் வைத்த உறையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தொட்ட பிறகு தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் வெளியே ஒரு துடைப்பு. காற்று வரும் ஓட்டைக்குள் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், அழுத்தத்தில் தீப்பிடித்துப் புகையோடு பட்டென்று வெடிக்கும், வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும்.