ஊட்டி, குன்னூரில் மற்றவர்கள் எடுக்காத எதைப் படம் எடுக்கலாம்?

"மூன்று நாள் நீலகிரி போகிறேன். தொட்டபெட்டா, படகு இல்லம், தேயிலைத் தோட்டம் வேண்டாம். அந்த ஊருக்கே உரிய விசித்திரமான அடையாளங்களைப் படம் எடுக்க ஆசை. எப்படித் தேடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. அக்காவைக் குன்னூரில் கொடுத்திருக்கிறோம், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மலை ஏறிவிடுவேன். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் நேராகக் கடற்கரைக்குப் போய், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எங்களுக்கோ ஊர் என்றால் ஊருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் அந்த வெள்ளை வாசல்தான். யார் வழி கேட்டாலும் "வாசலுக்குள்ள நுழைஞ்சு நேரா வாங்க" என்றுதான் ஆரம்பிப்போம்.

மலையிலும் அதே வழிதான். "பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள், எங்காவது போக வழி கேளுங்கள். சொல்லும் பதிலில் எந்தப் பொருள் வருகிறதோ அதைப் படம் எடுங்கள்.

ஊட்டியில் கேட்டால் பாதிப் பேர் சேரிங் கிராஸ் ஃபவுண்டனில் இருந்துதான் தொடங்குவார்கள். சென்னை மாகாண ஆளுநராக இருந்து 1881-இல் ஊட்டியிலேயே இறந்துபோன ஆடம் என்பவரின் நினைவாக வைத்த நீரூற்று அது. கார்கள் அதைச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம், கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் அதன் பக்கத்தில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தார். ஈரச் சாலையில் கடை விளக்குகள் நீளமாக விழுந்திருந்தன. ஃபவுண்டனை மட்டும் எடுத்த இருபது படங்களைவிட அந்த ஒன்றுதான் எனக்கு ஊட்டி. ஃபிங்கர்போஸ்ட், லவ்டேல் மாதிரிப் பெயர்கள் தமிழில் எழுதிய பஸ் பலகைகளையும் விட்டுவிடாதீர்கள். விரல் நீட்டி வழி காட்டும் பலகைக்கு ஆங்கிலத்தில் ஃபிங்கர்போஸ்ட் என்று பெயர், இங்கே அது ஒரு பேட்டைக்கே பெயராகிவிட்டது.

அடுத்து ரயில். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு 1899-இலும், அங்கிருந்து ஊட்டிக்கு 1908-இலும் வந்தது. பாலத்தில் வளைந்து போகும் ரயிலை எல்லோரும் எடுக்கிறார்கள். நீங்கள் வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி, தண்டவாளத்துக்கு நடுவே பாருங்கள். இரண்டு பல் சட்டங்கள் ஒட்டி ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம் இருக்கும்; அதனால் இஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி விடாது. 12 அடிக்கு 1 அடி ஏறும் மலையில் அந்தப் பிடிதான் உயிர். கறுத்த மசகில் தூசியும் இலைச்சருகும் ஒட்டிக் கிடப்பதைக் குனிந்து, பக்கவாட்டில் இருந்து எடுங்கள். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது, நடைமேடையில் இருந்தே கிடைக்கும். இஞ்சின் பின்னால் இருந்துதான் பெட்டிகளைத் தள்ளும். பெட்டிக்குப் பெட்டி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கொடியோடு ஒருவர் இருப்பார், கேட்டுவிட்டு அவரையும் எடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரயில் நின்றுவிடும், அதனால் முதல் நாளே இதை முடித்துவிடுவது நல்லது.

ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தை வெளியே இருந்து எடுத்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு. 1831-இல் வழிபாட்டுக்குத் திறந்தது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: அந்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். ஒரு ராஜாவின் வீட்டு மரம் வேறொரு சாமியின் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இன்றும் அதைப் பார்த்தால் சிலிர்க்கும். ஃபிளாஷ் போடாதீர்கள். கேமராவை இருக்கையின் மேல் வைத்து, டைமர் போட்டு எடுத்தால் அசையாமல் வரும். வழிபாடு நடந்தால் வெளியே காத்திருங்கள்.

நேரம் இருந்தால் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் கட்டிய பங்களாவையும் பாருங்கள், இப்போது அருங்காட்சியகம்.

பனிமூட்டம் பற்றி ஒன்று. மூட்டத்தின் வெண்மையைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். குளிரில் இருந்து நேராக ஆவி பறக்கும் டீக்கடைக்குள் நுழைந்தால் லென்ஸ் மங்கிவிடும். பைக்குள் போட்டுக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் கழித்து எடுங்கள்.

கடைசியாக, தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடி மக்களின் குடியிருப்பு. அரைப் பீப்பாய் போல வளைந்த வீடு, தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சின்ன வாசல். அது மக்கள் குடியிருக்கும் இடம், கேட்காமல் கேமராவைத் தூக்க வேண்டாம். கோயில் பக்கமாக எடுக்கலாமா என்று நான் கேட்டபோது ஒரு பாட்டி வேண்டாம் என்றார், சரி என்று பைக்குள் வைத்துவிட்டேன். அப்புறம் அவரே உள்ளே போய்த் தன் போர்வையைக் கொண்டுவந்து வெயிலில் விரித்தார். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. மழமழவென்று இருந்த பக்கத்தை நான் எடுக்கப் போக, தடுத்து, நூல் மேடு தட்டும் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இதுதாம்ப்பா முன்பக்கம், இதை எடு."