டயாலிசிஸ் என்று சொன்ன பிறகும் கப்பல் டிக்கெட் விற்றார் ஏஜென்ட்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் அப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா, அம்மா இருவரையும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவு சொகுசுக் கப்பலில் அனுப்ப ஆசைப்பட்டு, இங்கே ஒரு டிராவல் ஏஜென்ட்டிடம் 2,60,000 ரூபாய் கட்டினேன். கட்டும் முன்பே, "கப்பலில் டயாலிசிஸ் செய்ய முடியுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "கப்பல்லயே டாக்டர் இருக்காரு மேடம், ஒண்ணும் பிரச்சனை வராது" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். இப்போது வந்திருக்கும் கப்பல் கம்பெனியின் மருத்துவப் படிவத்தில் டயாலிசிஸ் வசதி கிடையாது என்று இருக்கிறது. ஏஜென்ட்டோ, "கேன்சல் பண்ணினா ஒரு பைசா வராது, வேணும்னா சிங்கப்பூர்ல போய் கேளுங்க" என்கிறார். ஒரு டயாலிசிஸைத் தள்ளிப்போட்டுவிட்டு, படிவத்தில் எதுவும் எழுதாமல் ஏறிவிடலாம் என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?
- வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: முதலில் தம்பியின் யோசனையைக் கைவிடுங்கள். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். கப்பலில் டாக்டர் இருந்து என்ன பயன்? இயந்திரம் வேண்டும், பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும், ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கும் மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும்.

சட்டப்படியும் மறைப்பது உங்களுக்கே பாதகம். டயாலிசிஸ் செய்துவந்ததைச் சொல்லாமல் மெடிக்ளைம் பாலிசி எடுத்த ஒருவரின் வழக்கில், இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது சரிதான் என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. டிக்கெட்டோடு ஏஜென்ட் பயணக் காப்பீடும் எடுத்துக் கொடுத்திருந்தால், அதில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற இடத்தில் என்ன நிரப்பியிருக்கிறார் என்று இன்றே பாருங்கள். 'இல்லை' என்றிருந்தால், திருத்தச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே மெயில் அனுப்புங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். வசதி இல்லாத கப்பலில் டயாலிசிஸ் நோயாளியை ஏற்ற மறுப்பதைத் தவறென்று வாதிடுவது கடினம். அதனால் உங்கள் வழக்கின் உயிர் அந்த வாய்ஸ் மெசேஜில்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-ன்படி, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். நீங்கள் நேராகக் கேட்டீர்கள். இயந்திரம் உண்டா இல்லையா என்று சொல்லாமல், டாக்டர் இருக்கிறார் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார். இதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். கேன்சல் செய்ய ஏஜென்ட் ஒரு படிவம் நீட்டுவார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று அச்சிட்டே இருக்கும், அல்லது அவரே எழுதி வைத்திருப்பார். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கு பாதி போய்விடும். அதற்காகக் கேன்சல் செய்யாமல் நாளைக் கடத்தவும் கூடாது. பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். 'டயாலிசிஸ் வசதி இல்லை என்பதை மறைத்து விற்றதால் ரத்து செய்கிறேன், முழுத் தொகையும் திரும்ப வேண்டும்' என்று நீங்களே எழுதி, ஏஜென்ட்டுக்கும் கப்பல் கம்பெனிக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். அப்புறம் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஒரு வக்கீல் நோட்டீஸ்.

பணம் வராவிட்டால் சிங்கப்பூர் போக வேண்டியதில்லை. பிரிவு 34-ன்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்; சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். வழக்கு வெளிநாட்டில்தான் நடக்க வேண்டும் என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும் தயங்க வேண்டாம். மற்றச் சட்டங்களில் உள்ள வழிகளோடு இந்த நுகர்வோர் சட்டமும் கூடுதல் வழி என்று அதன் பிரிவு 100 சொல்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் கொடுக்கலாம். பணம் கட்டிய நீங்களும் பயணம் போகவிருந்த அப்பா அம்மாவும் சேர்ந்தே புகார்தாரர்களாக இருங்கள்.

ஒரு நுணுக்கம். 'ஒரு பைசா வராது' என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிட ஆசை வரும். அந்த வாதத்தை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான். ஆகவே சேலத்தில் கொடுக்கும் புகாரில் சேவைக் குறைபாட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாய்ஸ் மெசேஜ் இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63(4)-ன்படி, அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள்; சான்றிதழ் இல்லை என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க இடமிருக்காது. ரசீது, அந்த மருத்துவப் படிவம், ஒவ்வொரு முறையும் டிரை வெயிட் (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடை) குறித்துத் தரும் அப்பாவின் டயாலிசிஸ் சார்ட் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். பில்லில் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று பிடித்திருந்தால், யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கில் அதைக் கேட்டுப் பெறலாம்.

கட்டிய தொகை திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மனவேதனைக்கென்று லட்சங்களை எதிர்பார்க்க வேண்டாம். ஆணையங்கள் பெரும்பாலும் சிறிய தொகையே தருகின்றன.

அப்பாவின் ஆசையை அடியோடு விட வேண்டாம். வெளியூர் நோயாளிகளை ஏற்கும் டயாலிசிஸ் மையங்கள் பல நாடுகளில் உள்ளன. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகளையும் சிறுநீரக டாக்டரின் குறிப்பையும் முன்கூட்டியே கேட்பார்கள். அவருடைய டாக்டர் சரி என்றால், அப்படி ஒரு மையம் இருக்கும் ஊரில் தங்குவது போலத் திட்டமிடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அந்த மையம் எழுத்தில் உறுதி கொடுத்த பிறகு டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள்.