கணவருக்குக் கொரோனா, நாய்க்குக் காய்ச்சல்: யார் கொண்டுபோவது?

கேள்வி: சேலத்தில் வசிக்கிறோம். கணவர் கொரோனா தொற்றுடன் வீட்டுத் தனிமையில் இருக்கிறார். எனக்கும் மகனுக்கும் தொற்று இல்லை என்று முடிவு வந்தாலும் நாங்களும் வெளியே போகக் கூடாது. எங்கள் ஐந்து வயது நாட்டு நாய் மணி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. உடம்பு கொதிக்கிறது, நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. வண்டலூர் சிங்கம் இறந்த செய்தியைப் பார்த்த மாமியார், நாய்க்கும் கொரோனாதான், ஊரடங்கு முடியட்டும் என்கிறார். காத்திருக்கலாமா? (ஒரு வாசகி, ஜூன் 2021)

பதில்: வேண்டாம் சகோதரி, இன்றே அனுப்புங்கள். மூக்கில் ரத்தம் வரும் நாய்க்கு ஊரடங்குத் தேதியெல்லாம் தெரியாது.

மாமியாரின் பயம் புரிகிறது. வண்டலூரில் ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது உண்மை. ஆனால் மனிதரிடமிருந்து விலங்குக்குத் தொற்று போவதைத்தான் இதுவரை பெரும்பாலும் பார்த்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஹாங்காங்கில் தொற்று கண்ட நாய்கூட அதன் வீட்டாரிடமிருந்தே அதைப் பெற்றதாகத் தெரிகிறது. மணியின் தடுப்பூசி அட்டையில் 'கொரோனா' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது நாய்களின் குடலைத் தாக்கும் வேறொரு வைரஸ்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு என் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். நம் ஊர் வெயிலில் உண்ணி பெருகும். அது கடித்துப் பரப்பும் கிருமியால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, மூக்கில் ரத்தம் வரலாம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எந்தக் கிருமி என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

கால்நடை மருத்துவமனைகள் ஊரடங்கிலும் திறந்திருக்கின்றன. கிளம்பும் முன் தொலைபேசியில் பேசி, வீட்டில் தொற்று இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்து, அங்கிருப்பவருக்குத் தொற்றினால், ஊரில் உள்ள மற்ற நாய்களுக்கும் மருத்துவர் இல்லாமல் போய்விடும்.

நீங்களோ மகனோ போக வேண்டாம். மணிக்குப் பழக்கமான வெளியாள் ஒருவரைக் கேளுங்கள். உங்கள் தம்பியோ, தினமும் அதற்கு பிஸ்கட் போடும் பால்காரரோ போதும். நீங்கள் வாசல் கேட்டில் கட்டிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். வருபவர் முகக்கவசத்தோடு, தான் கொண்டுவந்த கயிற்றைப் போட்டு அழைத்துப் போகட்டும். பிறகு சோப்பால் கை கழுவட்டும். பயத்தில் கடிக்கும் என்று வாயை இறுகக் கட்டிவிடாதீர்கள். மூக்கு அடைத்த நாய் வாயால்தான் மூச்சு விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நீங்கள் கொடுத்தனுப்பும் ஒரு தாள். இப்போது பல இடங்களில் வாசலிலேயே நாயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். 'எப்போதிலிருந்து?' என்று மருத்துவர் கேட்டால் பால்காரர் என்ன சொல்வார்? கடைசியாக எப்போது சாப்பிட்டது, தண்ணீர் குடிக்கிறதா, வாந்தி உண்டா, சிறுநீர் என்ன நிறம், உடம்பில் உண்ணி பார்த்தீர்களா, வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். தடுப்பூசி அட்டையையும் சேர்த்து அனுப்புங்கள். எவ்வளவு செலவுவரை உங்களைக் கேட்காமலேயே செய்யலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாசலில் நின்று பேரம் பேசும் நிலை பால்காரருக்கு வரக் கூடாது. தொலைபேசியைக் கையிலேயே வைத்திருங்கள்.

கணவருக்கு வாங்கிய பாராசிட்டமாலில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கொடுக்காதீர்கள், நாயின் கல்லீரலைக் கெடுக்கும். புரூஃபன் ரத்தக்கசிவை மோசமாக்கும். கொரோனாவுக்கென்று இப்போது வீட்டுக்கு வீடு இருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். கிருமி போகட்டும் என்று சானிடைசரால் துடைப்பதும் கூடாது. நாய் தன் உடம்பை நக்கும்.

உண்ணிக் காய்ச்சல்தான் என்றால் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதுவார்கள், நான்கு வாரம்வரைகூட. மூன்றாம் நாளே மணி வாலாட்டிக்கொண்டு சோறு கேட்கும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், தயிர்ச் சோறு வேண்டாம், கோழிச் சாறு ஊற்றிய சோற்றோடு கொடுங்கள். மணி படுக்கும் இடத்துச் சுவர் விரிசல்களில் உண்ணி ஒளிந்திருக்கும். அங்கே அடிக்கும் மருந்தையும் அதே மருத்துவரிடமே கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள்.