கேளுங்க சொல்றோம்: எது இருந்தா என்ன?

கேள்வி: கடல் சூடாக சூடாக, குளிர்ல வாழுற உயிரினம் ஒதுங்கி, அதே குடும்பத்துல சூடு தாங்குற இன்னொரு இனம் அந்த இடத்தைப் பிடிச்சிருதுன்னு படிச்சேன். பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, எது இருந்தா என்ன? ரெண்டும் கலந்துராதா?

பதில்: நியாயமான சந்தேகம்தான். ஆனா நெருங்கின சொந்தத்துக்குள்ளதான் போட்டியே ஜாஸ்தி, தின்றதும் ஒண்ணு, ஒட்டிக்கிற பாறையும் ஒண்ணு. வரப்புக்கு அடிச்சுக்கிறது பங்காளிங்கதானே, அசலூர்க்காரனுக்கு என்ன வந்துச்சு!

பார்னக்கிள் தெரியும்ல, பாறையிலயும் கப்பல் அடியிலயும் ஓட்டோட ஒட்டிக்கிட்டு இருக்குமே. ஸ்காட்லாந்து கரையில ஜோசப் கானல் இதை வச்சு பண்ண ஆராய்ச்சி 1961ல வந்துச்சு. கதமலஸ்ங்கிற இனம் பாறையோட மேல்பக்கம், செமிபெலானஸ் கீழ்ப்பக்கம். சரி, கதமலஸால கீழ வாழ முடியாது போலன்னுதான நினைப்போம்? செமிபெலானஸை சுரண்டி எடுத்துட்டுப் பாத்தா அது கீழயும் ஜோரா இருக்கு! சுரண்டாம விட்டா செமிபெலானஸ் மடமடன்னு வளந்து இது மேல ஏறி மூடிருது, இல்லன்னா அடியில நுழைஞ்சு பேத்துப் போட்டுருது. இப்ப சூட்டைக் கொண்டு வாங்க. செமிபெலானஸுக்கு இனப்பெருக்கம் நடக்க குளிர்காலம் நல்லா குளிரணும், அது தப்பிப் போச்சுன்னா குஞ்சு குறையும், பாறையில இடம் காலியாகும், கதமலஸ் இறங்கி வந்து உக்காந்துக்கும். அதாவது சூடு யாரையும் நேரா கொல்லணும்னு அவசியமே இல்ல, பலசாலியை கொஞ்சம் தளர விட்டாலே போதும், ஆட்டம் மாறிரும்.

"எது இருந்தா என்ன"க்கு பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவுல இருக்கிற வட கடலுக்குப் போகணும். அங்க கலானஸ்னு சில மில்லிமீட்டர் நீளத்துல மிதவை உயிரி இருக்கு. ஃபின்மார்கிகஸ் குளிர் ஜாதி, ஹெல்கோலாண்டிகஸ் சூடு ஜாதி. ரெண்டையும் பிரிக்கணும்னா மைக்ராஸ்கோப்ல அஞ்சாவது காலோட உள்விளிம்புல இருக்கிற பல் வரிசை நேரா இருக்கா வளைஞ்சிருக்கான்னு பாக்கணும், அவ்ளோ ஒத்துமை. ஆனா குளிர் ஜாதி பெருகுறது வசந்த காலத்துல, காட் மீன் குஞ்சுங்க பசியோட அலையுற அதே நேரம். சூடு ஜாதி அதிகமா பெருகுறது கோடை கடைசிக்கு மேல. குளிர் ஜாதி குறைஞ்சு இது கூடினதும், கடல்ல கலானஸ் இருக்கு, ஆனா குஞ்சு வாய் திறக்கிற மாசத்துல இல்ல. அந்தக் கடல்ல காட் மீன் குறைஞ்சதுக்கு அளவுக்கு மீறிப் பிடிச்சது பெரிய காரணம்தான், ஆனா இதுக்கும் அதுல பங்கு உண்டு.

கலப்பு விஷயம். கலக்கும். கலிபோர்னியா கரையில மத்திய தரைக்கடல்ல இருந்து வந்து சேந்த மஸ்ஸல்ங்கிற சிப்பி சூடு தாங்கும், அது தெற்குல உள்ளூர் மஸ்ஸலைத் தள்ளிருச்சு, ரெண்டும் சந்திக்கிற பகுதியில கலப்பினமும் இருக்கு. அதுக்காக எல்லாக் கலப்பையும் சூட்டுத் தலையில கட்டாதீங்க. கிரீன்லாந்துல கிடைச்ச ஒரு மண்டையோடு, அம்மா நார்வால் திமிங்கலம், அப்பா பெலுகா திமிங்கலம்னு 2019ல டிஎன்ஏ வச்சு உறுதியாச்சு. பனி உருகுனதால வந்த கலப்புன்னு ஃபார்வர்டு பண்றாங்க, ஆனா அந்த விலங்கு வேட்டையில சிக்கினதே 1980கள்ல.