கலைப்பு என்றால் திவாலா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் மூன்று பேர் கூட்டாகக் கொலுசுப் பட்டறை நடத்துகிறோம். கடன் தொல்லை இல்லை. தொடர்ந்து பார்க்க ஆளில்லாததால் மூடுகிறோம். ஆடிட்டர் ‘கலைப்புப் பத்திரம் எழுதுங்கள்’ என்கிறார். சொந்தக்காரர்களோ, ‘கலைப்பு என்றால் மஞ்சள் நோட்டீஸ்தானே, பேர் கெட்டுவிடும்’ என்கிறார்கள். எது சரி?
– வாசகர், சேலம்

பதில்: ஆடிட்டர் சொல்வதுதான் சரி. கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டுக்குப் போவதுதான் மஞ்சள் நோட்டீஸ். கலைப்பு என்பது 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி பங்குதாரர்கள் பேசிக் கூட்டை முடித்துக்கொள்வது. லாபத்தில் ஓடும் பட்டறையையும் கலைக்கலாம்.

ஆனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பதிவு பெற்ற கூட்டு நிறுவனம் என்றால் பதிவாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அரசிதழிலும் மாவட்டத்தில் விற்கும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டு, பங்குதாரர் ஒருவர் பட்டறை பெயரில் கடனுக்கு வெள்ளி எடுத்தால் மூவரும் பொறுப்பு.

அடுத்து கையிருப்பு. கூலிக்குச் செய்ய வியாபாரிகள் கொடுத்த வெள்ளி உங்கள் சொத்தே அல்ல. அதைத் தனியே பிரியுங்கள். பாதியில் நிற்கும் கொலுசு, வெட்டுத் துண்டு, சேதாரம் எல்லாவற்றையும் எடையும் டச்சும் (வெள்ளியின் சுத்தம்) குறித்து ஒப்படைத்து, ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். பட்டறைத் தூசியில் கிடைக்கும் வெள்ளி யாருக்கு என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். பிறகு வரும் மனக்கசப்பு பெரும்பாலும் அந்தத் தூசியில்தான் தொடங்கும்.

பணம் பிரிக்கும் வரிசையையும் சட்டமே சொல்கிறது. எல்லாம் விற்று 20 லட்சம் வருகிறது என்று வையுங்கள். வெளிக்கடன் 9 லட்சம் முதலில். பங்குதாரர் தன் முதலீட்டுக்கு மேல் கடனாகப் போட்ட 3 லட்சம் அடுத்து. அதன்பின் மூவரின் முதலீடு 6 லட்சம். மிச்சம் 2 லட்சத்தை லாப விகிதத்தில் பிரிக்கலாம். குறைந்தால் அதே விகிதத்தில் கையிலிருந்து போட வேண்டும்.

ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்ய, தொழிலை நிறுத்திய 30 நாளுக்குள் ஆர்.இ.ஜி-16 விண்ணப்பம், ரத்தான பின் 3 மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-10 இறுதிக் கணக்கு. மீதமிருக்கும் வெள்ளிக்கு எடுத்த வரிக் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) திருப்பிக் கட்ட வேண்டும். பட்டறையின் நடப்புக் கணக்கைக் கடைசியில் மூடுங்கள். வரவேண்டிய செக்குகள் அதில்தான் விழும்.

ஒருவர் மட்டும் ஒதுங்கி இருவர் நடத்துவதானால் கலைப்பே வேண்டாம், விலகல் பத்திரம் போதும்.

கேள்வி: ஏற்காட்டில் விடுதி கட்டத் தொடங்கிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி சும்மா கிடக்கிறது. அதற்கும் இதே பத்திரமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இல்லை. 2 நிதியாண்டாகத் தொழில் நடக்காமல், கடனும் அடைந்திருந்தால் எஸ்.டி.கே-2 படிவத்தில், கம்பெனிப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் கேட்கலாம். நிலம், கட்டடம் கம்பெனி பெயரில் இருந்தால் முதலில் அதற்கு ஒரு வழி செய்யுங்கள். விற்றுப் பிரிக்க வேண்டிய சொத்து நிறைய இருந்தால் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் கலைப்பாளரை நியமித்து, சென்னையிலுள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் உத்தரவு பெற வேண்டும். சட்டத்தின் பெயர் அப்படி இருந்தாலும், அந்தப் பிரிவு கடனை முழுதாக அடைக்கக்கூடிய கம்பெனிக்கு மட்டுமே.